சோக் கேபிள் ஏன் சூடாகிறது?

அன்புள்ள ஐயா,

தாத்தா 1967இல் வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் எங்கள் வீட்டில் இருக்கிறது. அதைப் பார்த்துவந்த மெக்கானிக் வயதாகித் தொழிலை விட்டுவிட்டார். இப்போது செல்ஃப் அடித்தால் முக்கி முக்கித்தான் சுற்றுகிறது. ஹெட்லைட் மங்கலாக எரிகிறது. சோக் கேபிள்கூடக் கை வைக்க முடியாதபடி சூடாகிறது. இரண்டு எலக்ட்ரீஷியன்கள் பார்த்துவிட்டு, மொத்த ஒயரிங்கையும் மாற்றச் சொல்கிறார்கள். நான் வங்கியில் வேலை பார்ப்பவன், ஸ்பேனர் பிடித்துப் பழக்கமில்லை. நானே கை வைக்கலாமா?

கே., ஈரோடு

அன்புள்ள கே.,

தாராளமாகக் கை வையுங்கள். ஒயரிங்கை மாற்றும் பேச்சைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். போகிறபோக்கில் நீங்கள் எழுதிய அந்தச் சோக் கேபிளில்தான் விடை இருக்கிறது.

உங்கள் இன்ஜின் ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் வழியே மின்சாரம் போகாது. அதனால் இன்ஜினையும் சேசிஸையும் பின்னிய செம்புப் பட்டை ஒன்றால் இணைத்திருப்பார்கள். செல்ஃப் மோட்டார் சுற்றும்போது நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அவ்வளவும் இந்தப் பட்டை வழியாகத்தான் போய்வர வேண்டும். பட்டை அறுந்தாலோ அது உட்காரும் இடம் துருப்பிடித்தாலோ மின்சாரம் வேறு வழி தேடும். டாஷ்போர்டிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் சோக் கேபிள் மெல்லிய இரும்புக் கம்பி. அத்தனை ஆம்பியரையும் அதில் ஏற்றினால் சூடாகாமல் என்ன செய்யும்? டைனமோவும் இன்ஜினில்தான் இருக்கிறது, அதற்கும் இதே வழிதான். பாட்டரி சரியாகச் சார்ஜ் ஆகாமல் லைட் மங்குவதற்கும் இது காரணமாக இருக்கலாம். பட்டையைப் பார்க்கும்வரை செல்ஃப் அடித்துக்கொண்டே இருக்காதீர்கள். கேபிளின் உறை தீப்பிடிக்கக்கூடும்.

நான் சொல்வதையும் அப்படியே நம்ப வேண்டாம், அளந்து பாருங்கள். சாதாரண மல்டிமீட்டர் போதும். ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலுக்கு வரும் சின்ன ஒயரைக் கழற்றி, எங்கும் படாதபடி டேப் சுற்றிவிடுங்கள், இன்ஜின் ஸ்டார்ட் ஆகாது. கியரை நியூட்ரலில் போட்டு ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிடுங்கள். மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் எர்த் முனையிலும் (வண்டியின் உடலோடு இணைந்த முனை), இன்னொன்றை இன்ஜின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத இடத்திலும் வையுங்கள். வீட்டில் ஒருவரைச் சில விநாடி மட்டும் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்குள் காட்டினால் எர்த் பரவாயில்லை. இரண்டு, மூன்று என்று ஏறினால் சந்தேகமே வேண்டாம். பாட்டரியைக் கழற்றிவிட்டு, பட்டையின் இரு முனைகளையும் அது உட்காரும் இடங்களையும் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை உப்புத்தாளால் தேயுங்கள். பட்டை நைந்திருந்தால் புதிது போடுங்கள். ஒயரிங் மாற்றும் செலவோடு பார்த்தால் இது ஒன்றுமே இல்லை.

பாட்டரியைத் திரும்ப மாட்டும் முன் எந்த முனை எர்த் என்று பாருங்கள். அக்காலப் பிரிட்டிஷ் வண்டிகளில் பாசிட்டிவ் எர்த் சகஜம். இன்றைய பழக்கத்தில் மாற்றி மாட்டிவிடாதீர்கள்.

ஹெட்லைட் அதற்குப் பிறகும் மங்கினால், அந்த லைட்டுகளின் எர்த்தையும் இதே மாதிரி பாருங்கள். லூகாஸ் என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் பழைய ஒயரிங்கில் நிறத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு. பழுப்பு பாட்டரியிலிருந்து நேராக வருவது. வெள்ளை சாவி போட்டால் உயிர் பெறுவது. நீலம் ஹெட்லைட், சிவப்பு பார்க்கிங் லைட், கறுப்பு எர்த். இடையில் ரிப்பேர் பார்த்தவர்கள் கையில் கிடைத்த நிறத்தைப் போட்டிருப்பார்கள், அதனால் நிறத்தை மட்டும் நம்பாமல், மின்சாரம் வருகிறதா என்று காட்டும் டெஸ்ட் லாம்ப் வைத்துப் பாருங்கள். அப்புறம், பழுப்பு ஒயருக்குப் பெரும்பாலும் பியூஸ் இருக்காது. ஸ்பேனர் எடுக்கும் முன் பாட்டரியைக் கழற்றுவது அதற்காகத்தான்.

ஸ்பேனர் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். ஹெரால்டின் நட்டுகள் அங்குல அளவு. அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். 13 நம்பர் ஸ்பேனர் பொருந்துவது போலத்தான் இருக்கும், இறுகிய நட்டில் அழுத்தினால் மூலை மழுங்கிவிடும். அங்குல செட் ஒன்று வாங்கிவிடுங்கள்.

பிரேக்கை மட்டும் இப்போதைக்கு அனுபவசாலி ஒருவரிடம் விடுங்கள், பக்கத்தில் நின்று பாருங்கள். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது. ஸ்டாண்டு வைத்த பிறகுதான் போக வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், இது உயிர் விஷயம். ஹெரால்டின் முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் அடிமுனையில் மரை இருக்கும். ட்ரன்னியன் என்ற வெண்கலத் துண்டுக்குள் அது திருகி நிற்கிறது. ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரை உள்ளே திரும்புகிறது. அதற்குக் கம்பெனி சொன்னது 90 நம்பர் கியர் ஆயில். பல ஒர்க்‌ஷாப்பில் பழக்கத்தில் கிரீஸ் அடித்துவிடுகிறார்கள். கிரீஸ் அடிவரை இறங்காமல் மேலேயே கெட்டியாகிவிடும். கீழே ஈரம் தேங்கி மரை அரித்து, ஒருநாள் திருப்பத்தில் தண்டு முறிந்து சக்கரம் மடங்கும். கிரீஸ் துப்பாக்கி ஒன்றைச் சுத்தமாகத் துடைத்து, அதில் கியர் ஆயிலை நிரப்பி, புது எண்ணெய் கசிந்து வெளியே வரும்வரை அடியுங்கள். பழைய கிரீஸ் இறுகி எண்ணெய் உள்ளே போகவில்லை என்றால், கழற்றிப் பார்க்காமல் வண்டியை ரோட்டில் எடுக்காதீர்கள்.