பச்சை மீன் வேண்டாம்னா பட்டினியா?

கேள்வி: டோக்கியோவுக்கு பத்து நாள் ஆபீஸ் வேலையா போறேன் சார். சுஷி, சஷிமி எதுவும் எனக்கு இறங்காது. தனியா வேற போறேன். சாப்பாட்டுக்கு என்ன பண்றது?

பதில்: சுஷின்னா ஜப்பான், ஜப்பான்னா சுஷின்னு நாம நினைச்சுட்டு இருக்கோம், ஆனா அங்க ஆபீஸ் விட்டு களைச்சு போய் வர்றவங்க தினமும் அதையா சாப்பிடறாங்க? சுடச்சுட சோறு, மிசோ சூப் (புளிக்க வச்ச சோயா விழுதுல செய்யறது), ஊறுகாய், கூட பொரிச்சதோ சுட்டதோ ஒண்ணு, எல்லாம் ஒரே தட்டத்துல வரும், அதுக்குப் பேர் தெய்ஷோக்கு. பல கடையில ஆயிரம் யென்னை ஒட்டி முடிஞ்சுடும். பன்றி இறைச்சி சாப்பிடுவீங்கன்னா டோன்காட்சு கேளுங்க, பிரெட் தூள்ல புரட்டி பொரிச்சது, மொறுமொறுன்னு இருக்கும், பக்கத்துல மலை மாதிரி பச்சை கோஸ் துருவல். நிறைய டோன்காட்சு கடையில கோஸ் திரும்பத் திரும்ப சும்மாவே வைப்பாங்க, நான் ஒரு தடவை மூணு ரவுண்டு வாங்கினேன், யாரும் ஒரு மாதிரி பார்க்கல. சிக்கன் போதும்னா ஒயாக்கோதோன். ஒயாக்கோன்னா பெத்தவங்களும் பிள்ளையும்னு அர்த்தம், கோழியும் முட்டையும் ஒரே கிண்ணத்துல சோத்து மேல வர்றதால அந்தப் பேரு, யோசிச்சா கொஞ்சம் பாவமாத்தான் இருக்கு. முட்டை பாதி வெந்து தளதளன்னு இருக்கும், சரியா வேகலன்னு திருப்பி அனுப்பிடாதீங்க, அதுதான் பக்குவம்.

தனியா போறது பத்தி கவலையே வேண்டாம். கவுன்டர் சீட் இருக்கும், பக்கத்துல இருக்கறவரும் தனியாத்தான் உக்காந்திருப்பார். சின்ன கடைகள்ல வாசல்லயே டிக்கெட் மெஷின் நிக்கும், காசு போட்டு பட்டனை அழுத்தி சீட்டை உள்ள குடுக்கணும். முதல் தடவை எனக்குப் பின்னாடி நாலு பேர் நிக்க ஒரு எழுத்தும் புரியாம வேர்த்துப்போய், கடைசியில எதையோ அழுத்தி வெறும் எக்ஸ்ட்ரா சோறு மட்டும் வாங்கிட்டு உக்காந்தேன். அப்புறம்தான் ஒருத்தர் சொன்னார், மேல இடது மூலை பட்டன்தான் பெரும்பாலும் அந்தக் கடையோட ஸ்பெஷலாம். கண்ணாடிக்குள்ள மெழுகு பொம்மை மாதிரி சாப்பாட்டு மாடல் வச்சிருந்தா இன்னும் நல்லது, ஆளைக் கூப்பிட்டு கை காட்டிடலாம். கூப்பிட "சுமிமாசென்"னு கொஞ்சம் சத்தமாவே சொல்லலாம், மரியாதைக் குறைவு இல்ல. குச்சியை மட்டும் சோத்துல செங்குத்தா குத்தி வைக்காதீங்க, அது செத்தவங்களுக்குப் படைக்கிற முறை.

கேள்வி: ஜப்பான்ல எங்க பார்த்தாலும் கறி ரைஸ் கடையா இருக்காமே, நம்ம ஊர்லேர்ந்தா போச்சு?

பதில்: நேரா போகல, இங்கிலாந்து சுத்திப் போச்சு. மெய்ஜி பேரரசர் காலத்துல (1868-1912) பிரிட்டிஷ்காரங்க கறி பவுடரோட வந்து சேர்ந்தது, ஜப்பான் கடற்படை சமையல் புத்தகத்துல 1908லயே ஏறிடுச்சு, இன்னைக்கும் கடற்படையில வெள்ளிக்கிழமைன்னா கறிதான். மாவு சேர்த்து கெட்டியா, லேசா இனிப்பா இருக்கும், அதை அவங்க கரேன்னுதான் சொல்வாங்க. காரம் எதிர்பார்த்துப் போனா ஏமாந்துதான் வருவீங்க. வேற சாப்பாடுன்னு நினைச்சு சாப்பிட்டா, மழை நாள்ல அதுக்கு மேல ஒண்ணு கிடையாதுன்னு எனக்குத் தோணும்.

ஆனா நேரா போன கதையும் ஒண்ணு இருக்கு. 1912ல டெல்லியில வைஸ்ராய் ஹார்டிஞ்ச் மேல குண்டு வீசின வழக்குல தேடப்பட்ட ராஷ் பிஹாரி போஸ் 1915ல தப்பிச்சு ஜப்பான் போனாரு, பிரிட்டிஷ்காரங்க நெருக்கடி குடுத்து நாடு கடத்தப் பார்த்தப்போ, டோக்கியோவுல ஷின்ஜுகுங்கற பகுதியில நாகாமுராயான்னு ஒரு ரொட்டிக் கடைக்காரக் குடும்பம் அவரை ஒளிச்சு வச்சுது. பிறகு அந்த வீட்டுப் பொண்ணு தோஷிகோவையே கல்யாணம் பண்ணிக்கிட்டாரு. தோஷிகோ 1925ல சின்ன வயசுலயே இறந்துட்டாங்க. 1927ல அந்தக் கடை சாப்பாட்டுப் பகுதி திறந்தப்போ, மாவு போட்டு கெட்டியாக்காத, எலும்போட கோழி போட்ட இந்தியக் கறி மெனுவுல வந்தது, அதுக்கு வழி காட்டினது போஸ்தான். நாகாமுராயா இன்னைக்கும் ஷின்ஜுகுலதான் இருக்கு, அந்தக் கறியும் இருக்கு.

கேள்வி: நான் சுத்த சைவம். இந்த மாதிரி கடைக்குப் போகலாமா?

பதில்: உண்மையைச் சொன்னா கஷ்டம். மிசோ சூப்புல காய்கறி, டோஃபு மட்டும்தானே மிதக்குதுன்னு நினைப்பீங்க, அடியில இருக்கற தாஷி சாறு பெரும்பாலும் காய்ஞ்ச மீன் சீவல் போட்டு எடுத்தது. கரேயில இறைச்சித் துண்டு இல்லன்னாலும் குழம்புலயே மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ இருக்க வாய்ப்பு அதிகம். எடுத்துடுங்கன்னு கேட்டாலும் ஒண்ணும் நடக்காது, காலையிலயே அண்டா அண்டாவா போட்டு வச்சிருப்பாங்க. கோயில் மடத்துச் சமையல் ஷோஜின் ரியோரி இருக்கு, அதுல மீனுக்குப் பதிலா கொம்புங்கற கடல்பாசி, காளான்ல சாறு எடுப்பாங்க. கோயாசான் மலைக் கோயில் விடுதிகள்ல ராத்தங்கினா அதுவே சாப்பாடு. விலை தெய்ஷோக்கு மாதிரி இருக்காது, சொல்லிட்டேன்.

கேள்வி: டிப்ஸ் எவ்வளவு வைக்கணும்?

பதில்: வைக்காதீங்க. மறந்துட்டீங்கன்னு நினைச்சு தெரு வரைக்கும் ஓடி வந்து குடுப்பாங்க. கிளம்பறப்போ "கொச்சிசோசாமா"ன்னு, அதாவது சாப்பாட்டுக்கு நன்றின்னு சொல்லுங்க, சமையல்கட்டுக்குள்ளேர்ந்தும் பதில் வரும்.