பயோடெக்கா, கெமிஸ்ட்ரியா: பேரணாம்பட்டு அப்பாவுக்கு ஒரு பதில்

கேள்வி: டேனரியில் வேலை செய்கிறேன். மகள் பிளஸ் டூ, பயோ-மேத்ஸ். கட்டிமேல் தடவினால் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அதைத் தாக்கும்படி செய்கிற பெப்டைடு மருந்தில் ஆராய்ச்சி செய்வேன் என்கிறாள். நீட்டில் மார்க் வரவில்லை. சொந்தக்காரர்கள் பயோடெக் சேர்க்கச் சொல்கிறார்கள். என்ன செய்யட்டும்?

பதில்: நீட் மார்க்கை மறந்துவிடுங்கள் ஐயா. நோயாளிக்கு மருந்து எழுதுவதற்குத்தான் டாக்டர் படிப்பு வேண்டும். மருந்தை உருவாக்குகிறவர்களில் பெரும்பாலோர் வேதியியல், பார்மசி, நோயெதிர்ப்பியல் படித்தவர்கள்.

மகளுக்கு ஒரு திருத்தம். பெப்டைடு என்றால் அமினோ அமிலங்கள் கோத்த சின்னச் சங்கிலி. அவள் சொல்வதுபோலவே தடவுவதற்கு இன்று புழக்கத்தில் உள்ள இமிகுவிமோட் களிம்பு பெப்டைடே அல்ல. 240 டால்டன் (மூலக்கூறு எடையை அளக்கும் அலகு) எடையுள்ள சின்ன மூலக்கூறு. எதிர்ப்பு செல்களில் உள்ள டிஎல்ஆர்-7 என்ற உணர்வியைத் தூண்டுகிறது. பேசல் செல் புற்று என்ற தோல் புற்றுநோய் மேலோட்டமாக இருந்தால் அதற்கு 5 சதவீத கிரீமை வாரம் 5 இரவு, 6 வாரம் தடவச் சொல்வார்கள். பெப்டைடு அப்படி இறங்காது. 500 டால்டனைத் தாண்டினாலே தோல் பெரும்பாலும் உள்ளே விடாது. 10 அமினோ அமிலம் சேர்ந்தால் 1,100 சொச்சம். உங்களுக்குத் தெரியாததா? சுண்ணாம்பில் ஊறி முடியும் மேல்தோலும் கழன்ற பிறகுதானே பதப்படுத்தும் சரக்கு உள்ளே இறங்குகிறது! உயிருள்ள தோலை அப்படி உரிக்க முடியாது. அதனால் நுண்ணூசிப் பட்டை, கொழுப்புக் குமிழி என்று வழி தேடுகிறார்கள். மாட்டுப்பால் புரதமான லாக்டோஃபெரினிலிருந்து வந்த யோசனையில் உருவான எல்டிஎக்ஸ்-315 என்ற பெப்டைடு மருந்தில் 9 அமினோ அமிலம்தான். அதையும் கட்டிக்குள் ஊசியாகவே போட்டுச் சோதிக்கிறார்கள்.

ஆய்வகத்தில் அன்றாட வேலை என்ன? மணல் போன்ற ரெசின் மணிகள்மீது அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகக் கோப்பது. ஒவ்வொரு இணைப்பும் 99 சதவீதம் அமைந்தால் 20 அமினோ அமிலச் சங்கிலியில் 83 சதவீதம் சரியாக வரும்; 97 ஆனால் 56தான். அதனால் ஒவ்வொரு படிக்கும் நாலைந்து மணியை எடுத்து நின்ஹைட்ரின் என்ற வேதிப்பொருளை விட்டுச் சூடாக்கிப் பார்ப்பார்கள். நீலம் வந்தால் இணைப்பு முடியவில்லை, திரும்பச் செய்ய வேண்டும். பிறகு டிரைஃப்ளூரோஅசிட்டிக் அமிலத்தில் கழற்றி, கலவையைப் பிரிக்கிற எச்பிஎல்சி கருவியில் சுத்தம் செய்து, நிறைமானியில் எடை பார்ப்பார்கள்.

அடுத்து செல்களில் சோதனை. இங்கே ஏமாறுவது சுலபம். பாக்டீரியாவின் நச்சான எண்டோடாக்சின் துளி கலந்திருந்தாலும் எதிர்ப்பு செல்கள் துள்ளும். பெப்டைடுதான் வேலை செய்தது என்று சந்தோஷப்பட்டு ஆறு மாதம் வீணாக்கியவர்கள் உண்டு. எண்டோடாக்சின் சோதனை செய்யாத முடிவை நம்பக்கூடாது.

ஆகவே என் கருத்து: பி.எஸ்சி. வேதியியல், அல்லது பி.பார்ம். பயோடெக் மோசமில்லை, ஆனால் இளநிலையில் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் தொட்டுவிட்டுக் கையில் தொழில் இல்லாமல் வெளியே வருகிற பிள்ளைகள் அதிகம். கரிம வேதியியல் கைவந்தவள் நோயெதிர்ப்பியலை முதுநிலையில் பிடித்துக்கொள்ளலாம். திருப்பிப் போட்டால் கஷ்டம். ஆராய்ச்சி வேண்டாம் என்று பின்னால் தோன்றினாலும், ஹைதராபாத் மருந்து ஆலைகளில் பெப்டைடு வேலை இருக்கிறது. சர்க்கரை நோய்க்கான செமாகுளூடைடும் பெப்டைடுதானே.

வேலூரில் முத்துரங்கம் அரசு கல்லூரி, ஊரிசு, ஆக்சீலியம் மூன்றிலும் விசாரியுங்கள். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளி என்றால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். மார்க் நன்றாக இருந்தால் மத்திய அரசின் அறிவியல் கல்வி நிறுவனமான திருப்பதி ஐசருக்கும் முயலலாம், காட்பாடியில் ரயில் ஏறினால் போதும். அதன் நுழைவுத் தேர்வு அறிவிப்பைப் பரீட்சை சமயத்திலேயே கவனியுங்கள். ரிசல்ட் வரட்டும் என்று இருந்தால் தவறிவிடும். பி.எஸ்சி.க்குப் பின் எம்.எஸ்சி. சேர ஜாம் நுழைவுத் தேர்வு, எம்.எஸ்சி.யில் ஆராய்ச்சி உதவித்தொகைக்கான சிஎஸ்ஐஆர் நெட் தேர்வு. அதில் ஜேஆர்எஃப் என்ற அந்த உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப்படியும். பி.எச்டி. முடிய அவளுக்கு 27, 28 வயதாகும். கல்யாணப் பேச்சு வீட்டில் வருமென்றால் இதை இப்போதே சொந்தக்காரர்கள் காதில் போட்டுவிடுங்கள்.

கல்லூரியில் பணம் கட்டும் முன் ஆய்வகத்தைக் காட்டச் சொல்லுங்கள். ரசாயன ஆவியை வெளியே இழுக்கும் புகைபோக்கிக் கூண்டு ஓடுகிறதா, ஒரு மாணவிக்கு ஒரு பியூரெட் கிடைக்கிறதா, இல்லை ஒருத்தி செய்ய நாலு பேர் சுற்றி நின்று நோட்டில் எழுதுகிறார்களா என்று பாருங்கள்.