சமையலறை நடுவில் ஒரு மேடை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

சுவரை ஒட்டாமல் அறையின் நடுவில் தனியாக நிற்கும் மேடைக்கு ஐலண்ட் என்று பெயர். சமையலறையைப் புதுப்பிக்கும் வாசகர்கள் பலர் அதைப் பற்றிக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

கேள்வி: எங்களுடையது முப்பது வருஷத்துத் தனி வீடு. சமையலறைக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவில் உள்ள சுவரை எடுத்தால் 14 அடிக்கு 11 அடி கிடைக்கும். காலையில் நானும் மாமியாரும் சேர்ந்துதான் சமைப்போம். 6 அடிக்கு 3 அடியில் ஐலண்ட் கட்டி, அதிலேயே அடுப்பும் சிங்க்கும் வைத்து, ஒரு பக்கம் நாலு ஸ்டூல் போட ஆசை. முடியுமா? (வாசகி, கோவை)

ஐலண்ட் முடியும். அடுப்பு, சிங்க், ஸ்டூல் மூன்றையும் அதன் தலையில் ஏற்றுவதுதான் முடியாது.

முதலில் சுவர். பழைய வீடுகளில் 9 அங்குலச் செங்கல் சுவர் என்றால் பெரும்பாலும் மேல் தளத்தையே அதுதான் தாங்கிக்கொண்டிருக்கும். நாலரை அங்குலச் சுவர் பொதுவாகத் தடுப்புச் சுவர். ஆனாலும் அதன் மேல் லாஃப்ட் உட்கார்ந்திருக்கலாம். கொத்தனார் தட்டிப் பார்த்துச் சொல்வது போதாது. கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் வந்து பார்த்து, பீம் கொடுக்க வேண்டுமா என்று எழுதித் தந்த பிறகே சுத்தியலை எடுக்க விடுங்கள்.

இனி 11 அடி அகலத்தைப் பிரிப்போம். சுவரோர மேடைக்கு 2 அடி. ஒருவர் மட்டும் சமைத்தால் மேடைக்கும் ஐலண்டுக்கும் நடுவே மூன்றரை அடி போதும். இருவர் முதுகுக்கு முதுகு நின்று வேலை செய்ய, ஒருவர் கையில் சாம்பார் சட்டியோடு பின்னால் போக வர, 4 அடியை ஒட்டி வேண்டும். நீங்கள் கேட்கும் 3 அடி அகல ஐலண்டை வைத்தால் 2 + 4 + 3 = 9. எதிர்ப்பக்கம் மிஞ்சுவது 2 அடி. அதில் ஆள் ஒருக்களித்துத்தான் நடக்க முடியும். அதனால் ஐலண்டின் அகலத்தை 2 அடி 3 அங்குலமாகக் குறையுங்கள். சமைக்கும் பக்கம் 3 அடி 9 அங்குலம், மறுபக்கம் நடைக்கு முழுசாக 3 அடி கிடைக்கும். நீளவாக்கில் 14 அடியில் எல் வடிவ மேடையின் குட்டைக் கைக்கு 2 அடி, இடைவெளி மூன்றரை, ஐலண்ட் 5, கடைசியில் ஃபிரிட்ஜ் கதவு திறக்க மூன்றரை. கணக்கு சரியாக உட்காரும்.

இந்த அளவுகளைக் கல்லின் விளிம்பிலிருந்து விளிம்புக்கு எடுக்க வேண்டும், கேபினெட்டிலிருந்து அல்ல. கல் ஒரு அங்குலம் வெளியே நீட்டும், கைப்பிடி இன்னும் ஒன்றரை அங்குலம் நீட்டும். பூச்சும் டைல்ஸும் சுவருக்குச் சுவர் ஓர் அங்குலம் தின்றுவிடும். வரைபடத்தில் இருந்த மூன்றரை அடி, வேலை முடிந்ததும் மூன்று அடி இரண்டு அங்குலமாகிவிடுவது இப்படித்தான்.

அடுப்பை ஏன் ஐலண்டில் வைக்கக் கூடாது? நம் ஊர்ச் சமையலறையில் ஃபேன் இல்லாமல் நிற்க முடியாது. நடுவில் அடுப்பு இருந்தால் ஃபேன் காற்று நேராகச் சுடரில் விழும். சிம்னியைக் கூரையிலிருந்து தொங்கவிட வேண்டும். 6 அங்குலக் குழாயை ஃபால்ஸ் சீலிங்குக்குள் ஓட்டி வெளிச்சுவர் வரை கொண்டுபோக வேண்டும். ஒவ்வொரு வளைவிலும் இழுவை குறையும். குழாயே இல்லாத கரி ஃபில்டர் வகை, நம் தாளிப்புக்கும் அப்பளத்துக்கும் தாக்குப் பிடிக்காது. எல்லாவற்றையும் விடப் பெரிய சிக்கல் கேஸ். சிலிண்டரிலிருந்து அடுப்புக்குப் போகும் ரப்பர் டியூப் ஒன்றரை மீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. தரைக்குள்ளோ சுவருக்குள்ளோ அதைப் புதைக்கவும் கூடாது. அப்படியானால் சிலிண்டரையும் ஐலண்டுக்குள்ளேயே வைக்க வேண்டிவரும். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கும். நாலு பக்கமும் அடைத்த பெட்டிக்குள் தேங்குவதை நினைத்துப் பாருங்கள். அடுப்பு சுவரோரமே இருக்கட்டும். சிலிண்டர் வெளியிலோ, கீழே காற்றுத் துவாரம் வைத்த அலமாரியிலோ நிற்கட்டும்.

சிங்க்: கழிவுக் குழாய்க்கு 40-க்கு 1 சரிவு வேண்டும். ஐலண்டிலிருந்து வெளிச்சுவர் வரை 10 அடி என்றால் சரிவுக்கே 3 அங்குலம் போகும். 3 அங்குலக் குழாயின் கனத்தையும் சேர்த்தால் தரைக்குள் 6 அங்குலத்துக்கு மேல் ஆழம் தேவை. தரைத்தள வீட்டில் தோண்டலாம். மாடியில் தளத்தையே 6 அங்குலம் உயர்த்தினால்தான் உண்டு. வாசலில் படி தடுக்கும். சரிவைக் குறைத்துச் சமாளிப்பார்கள். சாதம் வடித்த கஞ்சியும் எண்ணெய்ப் பிசுக்கும் அந்தக் குழாயில்தான் படியும், பிறகு அடைப்பு எடுக்க டைல்ஸை உடைக்க வேண்டிவரும்.

ஸ்டூலை இழுத்து ஒருவர் உட்கார்ந்தால் 2 அடி இடம் எடுக்கும். உங்கள் 3 அடி நடையில் மிச்சம் ஓர் அடி. அதைவிடச் சாப்பாட்டு மேஜை ஹாலிலேயே இருப்பது நல்லது. மாமியார் உயரமான ஸ்டூலில் ஏறி உட்கார்ந்து சாப்பிட விரும்புவாரா என்றும் கேட்டுவிடுங்கள்.

ஆக, ஐலண்டில் ஈரமும் நெருப்பும் இல்லாத வேலைகள் மட்டும்: காய் நறுக்குவது, மாவு பிசைவது, சப்பாத்தி தேய்ப்பது, டிபன் பாக்ஸ் அடுக்குவது. சிங்க்கும் அடுப்பும் சுவரோர மேடையில், இடையில் குறைந்தது 3 அடி விட்டு. சிங்க், அடுப்பு, ஃபிரிட்ஜ் மூன்றுக்கும் இடையே நடக்கும் மொத்தத் தூரம் 13 முதல் 26 அடிக்குள் இருக்க வேண்டும், அந்த நடைபாதையை ஐலண்ட் மறிக்கக் கூடாது.

ஆர்டர் கொடுப்பதற்கு முன் தரையில் சாக்பீஸாலோ கோலமாவாலோ ஐலண்டின் அளவை வரைந்து, அதன்மேல் மேஜையோ அட்டைப்பெட்டிகளோ அடுக்கி ஒரு வாரம் அப்படியே சமைத்துப் பாருங்கள். இடுப்பு எங்கே இடிக்கிறதோ அங்கே அளவு தப்பு.

கேள்வி: ஃபிளாட்டில் 10 அடிக்கு 8 அடி கிச்சன். சின்னதாக ஒரு ஐலண்ட் வைக்கலாமா? (வாசகர், சென்னை)

நிலையான ஐலண்ட் வேண்டாம். 8 அடியில் மேடைக்கு 2 போனால் 6. நடுவில் 2 அடி மேடையை நிறுத்தினால் இருபக்கமும் இரண்டிரண்டு அடிதான்.

சக்கரம் வைத்த டிராலி மேடை உங்களுக்குப் பொருந்தும். ஒன்றரை அடி அகலம், 3 அடி நீளம். வேலை இல்லாதபோது எதிர்ச்சுவரோடு ஒட்டி நிறுத்தினால் நாலரை அடி நடை கிடைக்கும். சக்கரம் 3 அங்குல விட்டத்துக்குக் குறையக் கூடாது. சின்னச் சக்கரம் டைல்ஸ் இடுக்கில் சிக்கும். நான்கில் இரண்டுக்காவது பிரேக் வேண்டும், இல்லாவிட்டால் காய் நறுக்கும்போதே வண்டி நகரும். கனமான பாத்திரம், அரிசி டப்பா எல்லாம் அடித்தட்டில். மிக்ஸியை இதன்மேல் ஓட்ட வேண்டாம்.

கேள்வி: என் உயரம் 5 அடி. இப்போதுள்ள மேடை 34 அங்குலம். சமைத்து முடித்தால் தோள்பட்டை கழன்றுவிடுகிறது. ஐலண்டை எவ்வளவு உயரத்தில் போட வேண்டும்? கிரைண்டரையும் அதில் வைக்கலாமா? (வாசகி, மதுரை)

தோள்வலிக்குக் காரணம் மேடை அல்ல, மேடைமேல் நிற்கும் அடுப்பு. சாதாரண கேஸ் அடுப்பு 5 அங்குலம் உயரம் என்று வைத்துக்கொண்டால் பாத்திரத்தின் அடியே 39 அங்குலத்தில் நிற்கிறது. 5 அடி உயரமுள்ளவருக்கு முழங்கை தரையிலிருந்து ஏறக்குறைய 37, 38 அங்குலம்தான். அதாவது குழம்பைக் கிளறும் ஒவ்வொரு தடவையும் கையைத் தோளுக்குத் தூக்குகிறீர்கள். அடுப்பு நிற்கும் பகுதியை மட்டும் 29 அங்குலத்துக்கு இறக்குங்கள். கல்லில் பதிக்கும் ஹாப் என்றால் 32 வரை வைக்கலாம்.

ஐலண்டுக்கு அளவெடுக்கும் முறை: வீட்டில் போடும் செருப்போடு நின்று முழங்கையை மடக்குங்கள். நறுக்கும் மேடை அதிலிருந்து 4 அங்குலம் கீழே, அதாவது உங்களுக்கு 33 அல்லது 34. பிசையவும் தேய்க்கவும் முறுக்குப் பிழியவும் உடம்பின் பாரத்தைக் கையில் இறக்க வேண்டும். அதற்கு 6, 7 அங்குலம் கீழே, 30 அல்லது 31. எல்லா மேடையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும் என்று டிசைனர்கள் அடம்பிடிப்பார்கள். சுவரோர மேடையில் நறுக்கிக்கொண்டு, ஐலண்டைத் தாழ்த்தி 31-இல் போடுங்கள். சாதாரண நாற்காலியில் உட்கார்ந்து கீரை ஆய்வதற்கும் அது ஓரளவு ஒத்துவரும்.

கிரைண்டரை மேடைமேல் வைக்காதீர்கள். மேஜைமேல் வைக்கும் சின்ன கிரைண்டர்கூட பத்துப் பன்னிரண்டு கிலோ இருக்கும். 31 அங்குல மேடையில் அதன் வாய் நெஞ்சுயரத்துக்கு வந்துவிடும், கல்லைத் தூக்கி மாவு வழிப்பது கஷ்டம். ஐலண்டின் பக்கவாட்டில் 20 முதல் 22 அங்குல உயரத்தில் ஒரு திறந்த தட்டு விட்டு அங்கேயே நிரந்தரமாக நிறுத்துங்கள். வெளியே இழுக்கும் தட்டு வேண்டுமென்றால் 45 கிலோவுக்குக் குறையாமல் தாங்கும் சேனல் (தட்டு ஓடும் இரும்புத் தடம்) போடச் சொல்லுங்கள். கம்பிக் கூடைக்குப் போடும் சாதா சேனல் ஓடும் கிரைண்டரின் அதிர்வில் சீக்கிரமே தளர்ந்துவிடும்.

கேள்வி: ஐலண்டுக்கு கரண்ட் எப்படிக் கொண்டுவருவது? பக்கச் சுவரிலிருந்து எக்ஸ்டென்ஷன் போட்டுக்கொள்ளலாம் என்கிறார் ஆசாரி. (வாசகி, திருநெல்வேலி)

ஆசாரியிடம் மரவேலையை மட்டும் கேளுங்கள். நடைபாதையில் கிடக்கும் எக்ஸ்டென்ஷன் ஒயரில் என்றாவது ஒருநாள் கால் மாட்டும், மிக்ஸியோடு சேர்ந்து விழும்.

டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே தரையில் காடி வெட்டி 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள கனமான பிவிசி குழாய் இரண்டு பதிக்க வேண்டும். ஒன்று இப்போதைக்கு, இன்னொன்று காலியாக, பின்னாளைய தேவைக்கு. தரைக்குள் ஒயர் ஜாயிண்ட் கூடவே கூடாது. குழாயின் வாய் ஐலண்டுக்குள் தரையிலிருந்து ஓர் அடி மேலே முடியட்டும். தரை கழுவும் தண்ணீர் உள்ளே இறங்காது. மிக்ஸி, கிரைண்டருக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர். 2000 வாட் இண்டக்ஷன் வைக்கும் எண்ணம் இருந்தால் அதற்குத் தனியாக 4 சதுர மில்லிமீட்டர் ஒயர், 16 ஆம்பியர் சாக்கெட், தனி எம்சிபி (சுமை மீறினால் தானே அணையும் சுவிட்ச்). மொத்தத்துக்கும் மேலே 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாமல் ஈரக்கை படும் இடத்தில் சாக்கெட் வைக்காதீர்கள்.

சாக்கெட்டைக் கல்லின் விளிம்புக்குக் கீழே பக்கவாட்டில் வையுங்கள். கல்லுக்குள்ளிருந்து எழும்பும் பாப்-அப் சாக்கெட் பார்க்க அழகுதான். இட்லி மாவு ஒரு தடவை வழிந்தால் போதும். விளக்கைக் கல்லிலிருந்து 30 முதல் 36 அங்குலம் உயரத்தில் தொங்கவிடுங்கள். ஃபேனுக்கு மேலே விளக்கு வந்தால் இறக்கையின் நிழல் நறுக்கும் பலகையில் ஓடிக்கொண்டே இருக்கும்.

கேள்வி: இரண்டாவது மாடி ஃபிளாட்டில் செங்கல்லும் கடப்பா கல்லும் வைத்து ஐலண்ட் கட்டலாமா, அல்லது பிளைவுட்டா? தினமும் தரையைத் தண்ணீர் விட்டுக் கழுவுவோம். (வாசகர், சேலம்)

தரைத்தளம் என்றால் செங்கல்லுக்கே ஓட்டு. கரையான், தண்ணீர் இரண்டுக்கும் அசையாது. மாடியில் கணக்கு வேறு. 5 அடிக்கு இரண்டரை அடி மேடைக்கு மூன்று பக்கம் நாலரை அங்குலச் சுவர் இரண்டரை அடி உயரம் எழுப்பினால் செங்கல் மட்டும் 500 கிலோவை ஒட்டி வரும். 20 மில்லிமீட்டர் கிரானைட் சதுர அடிக்கு 5 கிலோ, மேல்கல்லுக்கு இன்னும் 60 கிலோ. உள்தட்டுக் கடப்பா தனி. குடியிருப்பு அறைகளின் தளத்தைச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ உபயோகச் சுமைக்குத்தான் வடிவமைப்பது வழக்கம். இந்த மேடை நிற்கும் இடமோ ஒரு சதுர மீட்டரைச் சற்றே தாண்டும். பொறியாளர் சம்மதமில்லாமல் கட்டாதீர்கள்.

பிளைவுட்டில் ஐஎஸ் 710 முத்திரை உள்ள பிடபிள்யூபி (கொதிநீரையும் தாங்கும்) ரகம், 18 மில்லிமீட்டர். ஐஎஸ் 303 முத்திரையோடு வரும் எம்ஆர் ரகம் ஈரத்துக்கு ஆகாது. மரத்தூளையும் நாரையும் அழுத்திச் செய்யும் எம்டிஎஃப், பார்ட்டிகிள் போர்டு இரண்டும் தரை கழுவும் வீட்டுக்கு வரவே கூடாது, விளிம்பு ஊதிவிடும். பிவிசி போர்டு தண்ணீருக்கு நல்லது. ஆனால் ஸ்குரூ பிடிமானம் குறைவு, 2 அடிக்கு மேல் நீளமான தட்டு தொய்யும். எந்தப் பலகையானாலும் தரையைத் தொடக் கூடாது: 4 அங்குல அட்ஜஸ்டபிள் கால்கள்மேல் பெட்டியை நிறுத்தி, முன்னால் கிரானைட் ஸ்கர்ட்டிங் வைத்து அடைக்கச் சொல்லுங்கள். ஸ்கர்ட்டிங்கின் ஒரு துண்டைக் கழற்றும்படி விட்டால் கரப்பான்பூச்சி மருந்து அடிக்கவும் உதவும். தரைச் சல்லடைக்கு ஓடும் சரிவை ஐலண்ட் குறுக்கே மறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: உட்கார்ந்து சாப்பிட வசதியாக கிரானைட்டை ஒரு பக்கம் 15 அங்குலம் வெளியே நீட்டச் சொன்னேன். உடையும் என்கிறார்களே? (வாசகி, திருச்சி)

20 மில்லிமீட்டர் கல்லைத் தாங்கல் இல்லாமல் 6 அங்குலத்துக்கு மேல் நீட்ட வேண்டாம். 15 அங்குலத்துக்கு அடியில் இரும்பு பிராக்கெட், 2 அடிக்கு ஒன்று வீதம், கேபினெட்டின் சட்டத்தோடு போல்ட் செய்திருக்க வேண்டும். ஆளுக்கு 2 அடி அகலம் கணக்கு வையுங்கள். ஸ்லாப் வாங்குமுன் உங்கள் படிக்கட்டின் திருப்பத்தையும் அளந்துவிடுங்கள். 9 அடிக் கல் திரும்பாமல் வாசலிலேயே இரண்டாக வெட்டப்படுவது அடிக்கடி நடக்கிறது.

வெள்ளைக் குவார்ட்ஸ் எண்ணம் இருந்தால்: அதில் ரெசின் கலந்திருக்கிறது, சூடான குக்கரை நேராக வைத்தால் கறை விழும், மஞ்சளும் ஒட்டும். கறுப்புக் கிரானைட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை.

கேள்வி: வாஸ்துப்படி நடுவில் பாரம் கூடாது என்கிறார் மாமனார். என்ன செய்வது? (வாசகி, தஞ்சாவூர்)

அவர்கள் சொல்லும் நடு, வீட்டின் நடு. சமையலறையின் நடு அல்ல என்று வாஸ்து பார்ப்பவர்களே சொல்வதுண்டு. அடுப்பைத் தென்கிழக்குச் சுவரோரம் கிழக்குப் பார்த்து வைத்துவிட்டால் மாமனாருக்கும் நிம்மதி, சிம்னிக் குழாய்க்கும் சுருக்கு வழி.

கேள்வி: எந்த வேலையை முதலில் தொடங்குவது? (வாசகர், வேலூர்)

இடிப்பு, பிளம்பிங், தரைக்குள் ஒயர்க் குழாய், பூச்சு, தரை டைல்ஸ், சுவர் டைல்ஸ். இதன் பிறகுதான் கேபினெட்டுக்கு அளவு. டைல்ஸுக்கு முன் எடுத்த அளவை வைத்துப் பலகை வெட்ட விடாதீர்கள். கேபினெட் நின்று, மட்டம் பார்த்த பிறகு கல்லுக்கு அளவு. டைல்ஸை ஐலண்டின் அடியிலும் சேர்த்தே ஒட்டிவிடுங்கள். நாளைக்கு ஐலண்டை நகர்த்தினாலும் எடுத்தாலும் தரையில் பள்ளம் தெரியாது. டைல்ஸில் ஒரு பெட்டி கூடுதலாக வாங்கி லாஃப்டில் போட்டுவையுங்கள், அதே ஷேடு பிறகு கிடைக்காது.