வந்தான், வந்தாள், வந்தார்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சாய்ஸ்ஸ்கிரிப்ட் என்ற எளிய நிரல்மொழியில் என் முதல் ஊடாட்டக் கதையை, அதாவது வாசகரின் தேர்வுகளால் நகரும் கதையை, தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். தொடக்கத்தில் பெயர், பால், கண் நிறம், முடி, உயரம், உடை என்று பதினொரு கேள்விகள். கதைப்போக்கை எதுவும் மாற்றாது. 'வெறும் ஒப்பனை, தூக்கிவிடு' என்கிறான் நண்பன். தூக்கிவிடவா?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

ஒப்பனை என்றால் வீண் என்று உங்கள் நண்பருக்கு யார் சொன்னது? சாய்ஸ்ஸ்கிரிப்டிலேயே 'ஃபேக் சாய்ஸ்' என்று ஒரு கட்டளை இருக்கிறது. எதைத் தொட்டாலும் கதை ஒரே இடத்தில் வந்து சேரும். தொட்டதை மட்டும் ஒரு மாறியில், அதாவது விடையைச் சேமித்துவைக்கும் பெயரிட்ட இடத்தில், போட்டுவைக்கலாம். போட்டுவைத்ததைப் பிறகு எடுக்காமல் விடுவதுதான் குற்றம். சுருட்டை முடி கேட்டவருக்கு மூன்றாம் அத்தியாயத்தில் சீப்பு உடைய வேண்டும். அப்படி ஒரு வரிகூட எழுத வராத கேள்வியை வெட்டுங்கள். கண் நிறம் நிச்சயம் போகவேண்டியது. நம்மூரில் யார் கண் நிறத்தை வைத்து ஆளை அடையாளம் சொல்கிறார்கள்? மீசையைக் கேளுங்கள், சடையைக் கேளுங்கள்.

உயரம், உடை எப்படியோ போகட்டும். என் வயிற்றைக் கலக்குவது பெயர்.

பெயரை வாசகரே தட்டட்டும் என்று பெட்டி வைத்திருப்பீர்கள். அவர் 'முருகன்' என்று தட்டுவார். நீங்கள் மாறிக்குப் பின்னால் 'ஐ' ஒட்டியிருப்பீர்கள். திரையில் 'முருகன்ஐ' என்று பல்லிளிக்கும். ரவி ரவியை ஆக வேண்டும், கவிதா கவிதாவை ஆக வேண்டும், செல்வமோ செல்வத்தை. பாதிப் பேர் ரோமன் எழுத்தில் வேறு தட்டுவார்கள். 'என்பவரை' போட்டுத் தப்பிக்கலாம்தான். ஆனால் பெற்ற தாய் 'முருகன் என்பவரைப் பார்த்தீர்களா' என்று தேடினால் அது கதையில்லை, எஃப்.ஐ.ஆர்.

ஆகவே பெட்டியை எடுத்துவிட்டு எட்டுப் பெயர் கொடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து மாறிகளை அங்கேயே நிரப்புங்கள்: முருகன், முருகனை, முருகனுக்கு, முருகனின், முருகா. நாற்பது சொல் தட்ட அரைமணி நேரம் ஆகுமா? சோம்பாதீர்கள்.

பால் கேள்வியை முதல் பக்கத்தில் ஏன் வைத்தீர்கள்? ஆங்கிலக் கதையில் இருந்ததாலா? 'நீ வந்தாய்' என்றே எழுதிக்கொண்டிருந்தால் தமிழுக்கு அது தேவையே இல்லை. இன்னொருவர் உங்களைப் பற்றிப் பேசும்போதுதான் வேண்டும். அதற்கு ன், ள், ர் என்று கடைசி எழுத்தை மட்டும் ஒரு மாறியில் வையுங்கள். 'அவ'வுக்குப் பின்னும் 'வந்தா', 'வருவா', 'வந்தவ' எல்லாவற்றுக்குப் பின்னும் அதே மாறி பொருந்தும். வேற்றுமை வரும் இடத்தில் இது உடையும். அதற்கு 'னை, ளை, ரை', 'னுக்கு, ளுக்கு, ருக்கு' என்று தனி மாறிகள் வேண்டும். 'வரவில்லை'க்கு எதுவும் வேண்டாம், மூவருக்கும் அதுவேதான்.

முடித்ததும் செல்வம் என்ற பெயரில் ஒருமுறை கடைசிவரை ஆடிப்பாருங்கள். 'செல்வம்ஐ' எங்காவது ஒளிந்திருக்கும்.