கோயம்புத்தூரில் நல்ல ஆசிய உணவு எங்கே கிடைக்கும்?

சைனீஸோ தாயோ கொரியனோ எதுவானாலும் சரி, ஃப்ரைட் ரைஸும் கோபி மஞ்சூரியனும் தவிர வேறு ஏதாவது கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். சரவணம்பட்டிப் பக்கம் ஐடி வேலைக்குப் புதிதாக வந்தவர் என்று நினைக்கிறேன். உங்களுக்குப் பதில் எழுதின ஒருவர், கோவைக்காரர்களுக்கு நாக்கு ருசி தெரியாது, சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்விடுங்கள் என்று சொல்லியிருந்தார். அதைப் படித்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன், வெளிநாட்டிலிருந்து துணி வாங்க வருகிற பையர்களைச் சாப்பிடக் கூட்டிப் போவதும் என் வேலைதான்.

சென்னையில் நல்ல கொரியச் சாப்பாடு கிடைப்பதற்குக் காரணம் சென்னைக்காரர்களின் நாக்கு இல்லைங்க. 1996-ல் ஹூண்டாய் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வந்தது, பின்னாலேயே உதிரிபாகக் கம்பெனிகள் வந்தன, கொரியக் குடும்பங்கள் வருஷக்கணக்கில் குடியிருந்தார்கள். கிம்ச்சி என்கிற அவர்களுடைய புளித்த முட்டைக்கோஸ் சரியில்லை என்றால் முகத்துக்கு நேரே சொல்ல ஆள் இருந்தது. பாரிமுனை செகண்ட் லைன் பீச்சில் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் கிடைப்பதும் அப்படித்தான், 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பி வந்த நம் ஆட்கள் அங்கே தின்று வளர்ந்ததையே இங்கே கடையாகப் போட்டார்கள். திருப்பூருக்கு வருகிற ஜப்பான் பையரோ ஹாங்காங் பையரோ சாம்பிள் பார்ப்பார், விலை பேசுவார், இரண்டு மூன்று நாளில் பிளைட் ஏறிவிடுவார். அவரை நம்பி யார் கடை போடுவார்கள்?

ஆனால் இங்கே வந்து தங்கியிருப்பவர்கள் யார் என்று பாருங்கள். பனியன் கம்பெனியில், ஸ்பின்னிங் மில்லில், ஹோட்டல் அடுப்படியில் நேபாளம், மணிப்பூர், அசாம், டார்ஜிலிங் என்று எத்தனை பேர். கோவையில் நீங்கள் போகிற பல சைனீஸ் கடைகளில் வாணலி பிடிப்பது அவர்கள்தான். மஞ்சூரியனை நான் மட்டமாகச் சொல்லவில்லை, மும்பையில் 1975 வாக்கில் நெல்சன் வாங் என்பவர் உண்டாக்கியது என்பார்கள், எனக்கும் பிடிக்கும். ஆனால் அதைச் செய்து கொடுக்கிற மாஸ்டர் தன் பசிக்கு வேறு ஏதோ சமைக்கிறார். நீங்கள் தேடுகிற சாப்பாடு அதுதான்.

ஹாங்காங்கிலிருந்து ஒரு க்யூசி, அதாவது துணியின் தரம் பார்க்கிறவர், வந்திருந்தார், ஐம்பது தாண்டியவர், பெரிய ஷிப்மென்ட்டுக்கு ஃபைனல் இன்ஸ்பெக்ஷன். நட்சத்திர ஹோட்டலில் சைனீஸ் வாங்கிக் கொடுத்தோம், மனுஷன் வெறும் சோற்றையும் ஆம்லெட்டையும் தின்றுவிட்டு எழுந்துவிட்டார். எனக்கு மனசே ஆகவில்லை. அவரைப் பீளமேடு ஏர்போர்ட்டில் விடப் போகிற வழியில், எனக்குப் பழக்கமான ஒரு சின்னக் கடையில் வண்டியை நிறுத்தினேன். மதியக் கூட்டம் ஓய்ந்து, கடைப் பையன்கள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வெள்ளைச் சோறு, பருப்பு, பழுப்பு நிறத்தில் ஒரு சாறு. எங்களுக்கும் அதையே போடுங்கள் என்றேன். "அது ஸ்டாஃப் சாப்பாடு அண்ணா, உங்களுக்கு நூடுல்ஸ் போடறேன்" என்று மாஸ்டர் கூச்சப்பட்டார். நான் விடவில்லை.

அந்தச் சாறு குந்த்ருக். கடுகுக்கீரையை வாடவிட்டு, பானையில் அழுத்தி அடைத்துப் புளிக்கவைத்து, வெயிலில் காயவைத்து எடுப்பது. மாஸ்டரின் அம்மா நேபாளத்திலிருந்து கொடுத்தனுப்பியது. க்யூசி ஒரு வாய் குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு இது என்ன கீரை என்று கேட்டார். அவருடைய பாட்டி ஹக்கா கிராமத்துக்காரராம், அங்கேயும் கடுகுக்கீரையை உப்புப் போட்டுக் காயவைத்துப் பன்றிக்கறியோடு வேகவைப்பார்களாம். மாஸ்டருக்கு இந்தி, அவருக்கு இங்கிலீஷ், நடுவில் நான். அப்புறம் மோமோ வந்தது. அதற்கு ஒரு தக்காளிச் சட்னி, வறுத்த எள்ளோடு திமூர் என்கிற மிளகையும் போட்டு அரைத்தது. காரம் இறங்கின பிறகும் உதடு மரத்துப்போய்க் குறுகுறுவென்று இருந்தது. சீனாவின் சிச்சுவான் மிளகுக்கு உறவுக்கார மிளகு அது. அந்தச் சிச்சுவான் பெயரைத்தான் ஷெஸ்வான் என்று மெனுவில் போடுகிறார்கள், அப்படிப் போட்டிருக்கிற எத்தனை கடையில் அந்தக் குறுகுறுப்பை நாக்கில் பார்த்திருக்கிறீர்கள்? மிளகாய் விழுதும் பூண்டும்தான் இருக்கும்.

மோமோவெல்லாம் ஆசிய உணவா என்று யாராவது கேட்பார்கள், தெரியும். நேபாளமும் திபெத்தும் ஆசியாதானே. சின்னக் கடை சுத்தமாக இருக்காது என்றும் சொல்வார்கள். ஆவியில் வெந்து கண் முன்னால் இறக்கினதைச் சாப்பிட நான் யோசிப்பதில்லை.

அந்த மாஸ்டர் இப்போது கோவையில் இல்லை. வாடகை வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள், காரணம் சமையல் வாடையாம். எங்கள் லைனில் தைக்கிற மணிப்பூர்ப் பெண்களுக்கும் இதே கதைதான், புளிக்கவைத்த மீன் போட்டு ஏரோம்பா செய்தால் வீட்டுக்காரர்கள் அடுத்த மாதமே அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். நம் வீட்டில் கருவாடு வறுத்தால் தெருமுனை வரைக்கும் மணக்கவில்லையா? நம் துணியைத் தைக்க அவர்கள் வேண்டும், நம் தெருவில் அவர்கள் சமைக்கக் கூடாது என்றால் என்னங்க நியாயம்? கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சரி, எங்கே போவது. சூஷியோ தாய் கறியோதான் வேண்டுமென்றால் ரேஸ்கோர்ஸ், அவினாசி ரோடு பெரிய ஹோட்டல்கள்தான் வழி, காசு ஆகும். தாய் கறியில் எலுமிச்சைப் புல்லும் அரத்தையும் மணக்கிறதா, தேங்காய்ப்பால் புதிதாகப் பிழிந்ததா என்று கேளுங்கள். பொள்ளாச்சியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு டின் பால் ஊற்றுகிற கடைக்கு நான் இரண்டாம் தடவை போவதில்லை. மற்றபடி நேபாளி மாஸ்டர் இருக்கிற கடையாகப் பார்த்துக் கூட்டமில்லாத நேரத்தில் போங்கள். இரண்டு வார்த்தை பேசிவிட்டு, நாளைக்கு உங்கள் ஊர்ச் சாப்பாடு செய்து தர முடியுமா என்று முதல் நாளே கேளுங்கள். பெரும்பாலும் சந்தோஷமாகச் செய்வார்கள். இல்லை, ஞாயிற்றுக்கிழமை திருப்பூருக்கு பஸ் ஏறுங்கள். சனிக்கிழமை சம்பளம் வாங்கின ஆட்கள் ஸ்டேஷன், காதர்பேட்டைப் பக்கம் நிறைந்திருப்பார்கள், வடகிழக்குப் பிள்ளைகள் எந்தக் கடையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்களோ அதற்குள் நுழையுங்கள். கடைப் பெயர் போட்டால் விளம்பரம் என்பார்கள், அதனால் போடவில்லை. பன்றிக்கறி சாப்பிட மாட்டீர்கள் என்றால் உட்காரும்போதே சொல்லிவிடுங்கள்.