செனகல், பிரான்ஸ், நடுவில் ஒரு சேஃபா நோட்டு: கேள்வி பதில்

முந்திரிக் கொட்டை கொள்முதலுக்காகச் செனகல் நாட்டின் தென்கோடியான காசமான்ஸுக்குப் பல வருடமாகப் போய் வருகிறேன். அங்கே 2024இல் நடந்த ஆட்சி மாற்றம் பற்றியும் பிரான்ஸ் விவகாரம் பற்றியும் ஆளாளுக்குக் கேட்டுக்கொண்டே இருப்பதால் எல்லாவற்றுக்கும் இங்கேயே பதில் எழுதிவிடுகிறேன். நான் பேராசிரியர் இல்லை, வியாபாரி. அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

அண்ணே, மேற்கு ஆப்பிரிக்கா என்றாலே ராணுவப் புரட்சிதானே? செனகலில் மட்டும் எப்படி ஓட்டுப் போட்டே ஆட்சி மாறியது?

1960இல் பிரான்ஸிடமிருந்து விடுதலை பெற்றதிலிருந்து அங்கே ராணுவம் ஒரு தடவைகூட ஆட்சியைப் பிடித்ததில்லை. முதல் ஜனாதிபதி செங்கோர் 1980 டிசம்பர் 31 அன்று தானாகவே இறங்கினார். 2000இலும் 2012இலும் பதவியில் இருந்தவர்கள் தேர்தலில் தோற்று, பேசாமல் வீட்டுக்குப் போனார்கள். அதற்காக 2024 சுகமாக நடந்தது என்று நினைத்துவிடாதீர்கள், மயிரிழையில்தான் தப்பியது. பிப்ரவரி 25 தேர்தலை, பிரசாரம் தொடங்க ஒரு நாள் இருக்கும்போது ஜனாதிபதி மக்கி சால் தள்ளி வைத்தார். நாடாளுமன்றம் டிசம்பர் 15 என்று தேதி குறித்தது, அதுவும் எதிர்க்கட்சி உறுப்பினர்களைப் போலீஸ் வெளியே தூக்கிப் போட்ட பிறகு. அரசியலமைப்பு மன்றம் அதைச் செல்லாது என்று சொல்லிவிட, மார்ச் 24 அன்று தேர்தல் நடந்தது. அந்த மன்றம் அன்றைக்கு வளைந்து கொடுத்திருந்தால் இன்று நாம் வேறு கதை பேசிக்கொண்டிருப்போம்.

சிறையிலிருந்து நேராக ஜனாதிபதி ஆனாராமே, நிஜமா?

நிஜம்தான். மக்கள் உண்மையில் கொண்டாடிய தலைவர் உஸ்மான் சோன்கோ, அப்போது காசமான்ஸில் உள்ள சிகின்ஷோர் ஊரின் மேயர். வரி இலாகாவில் வேலை பார்த்தவர், பிரான்ஸைப் பற்றி யாரும் மேடையில் பேசாத தொனியில் பேசியவர். 2023 ஜூனில் அவருக்குத் தண்டனை அறிவித்தபோது நாடே எரிந்தது, அரசுக் கணக்கிலேயே 16 பேர் செத்தார்கள். அடுத்த மாதக் கடைசியில் அவரை உள்ளே போட்டு, கட்சியையும் கலைத்தார்கள். வேறொரு அவதூறு வழக்குத் தீர்ப்பால் அவர் நிற்க முடியாமல் போக, அவருடைய வலதுகை பசிரு தியோமாய் ஃபாய் நின்றார். அவரும் சிறையில்தான், ஆனால் தீர்ப்பு வராததால் மனு செல்லுபடியானது. இருவரும் வெளியே வந்தது மார்ச் 14. பத்தே நாளில் தேர்தல். முதல் சுற்றிலேயே 54 சதவீதத்துக்கு மேல் வாங்கி, 44 வயதில் ஜனாதிபதி. "தியோமாய் மோய் சோன்கோ" என்பதுதான் கோஷம், 'தியோமாய்தான் சோன்கோ' என்று அர்த்தம். சோன்கோவைப் பிரதமர் ஆக்கினார்.

நீங்கள் அப்போது அங்கே இருந்தீர்களா? எப்படி ஓட்டுப் போடுகிறார்கள்?

சிகின்ஷோரில்தான் இருந்தேன், கொட்டை சீசன் தொடங்குகிற நேரம். அங்கே இயந்திரம் கிடையாது, நம்மூர் பழைய வாக்குச்சீட்டும் கிடையாது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் படத்தோடு தனித்தனித் துண்டுச்சீட்டு இருக்கும். சீட்டுகளை எடுத்துக்கொண்டு திரை மறைவுக்குப் போய், வேண்டியதை மட்டும் உறைக்குள் வைத்துப் பெட்டியில் போட வேண்டும், மீதியைக் கழித்துவிட வேண்டும். எங்கள் கிடங்குக் காவலாளி விரலில் மையோடு திரும்பி வந்து, அன்று முழுக்க அந்த விரலாலேயே மூட்டையைச் சுட்டிக் காட்டினார். சாயங்காலம் ஒவ்வொரு சாவடியாக எண்ணிச் சொல்லச் சொல்ல எல்லோரும் ரேடியோவைச் சுற்றியே உட்கார்ந்திருந்தார்கள். மூன்று சுற்று அத்தாயா தேநீர் முடிவதற்குள்ளேயே முடிவு தெரிந்துவிட்டது.

பிரெஞ்சுக்காரர்களைக் கண்டால் அடிக்கிறார்களா? என் பையனுக்குத் தலைநகர் டக்காரில் வேலை கிடைத்திருக்கிறது.

பயப்படாமல் அனுப்புங்கள் அம்மா. கோபம் ஆளின் மேல் இல்லை. 2021 மார்ச்சில் சோன்கோவைக் கைது செய்தபோது கும்பல் குறிவைத்தது பிரெஞ்சு நிறுவனங்களான ஓஷான் சூப்பர் மார்க்கெட்டுகளையும் டோட்டல் பெட்ரோல் பங்குகளையும்தான். டக்காரில் விரைவுச் சாலைச் சுங்கம் ஒரு பிரெஞ்சுக் கம்பெனியிடம், பெரிய செல்போன் கம்பெனியும் பிரெஞ்சு ஆரஞ்சின் கையில். எங்கே திரும்பினாலும் பணம் ஒரே திசையில் போகிறது என்கிற எரிச்சல் அது. ஒன்றைக் கவனியுங்கள், 2024 ஜூனில் எண்ணெய் எடுக்கத் தொடங்கிய சங்கோமார் வயலை நடத்துவது ஆஸ்திரேலிய நிறுவனம், மோரித்தானியா எல்லையில் உள்ள எரிவாயு வயலை நடத்துவது பிரிட்டனின் பிபி. புதுக் காசு வருகிற இடத்தில் பிரான்ஸ் ஏற்கெனவே பின்னால்தான் நிற்கிறது.

பிரெஞ்சு ராணுவம் உண்மையிலேயே போய்விட்டதா?

போய்விட்டது. 2025 ஜூலை 17 அன்று டக்காரின் கெய் முகாமை ஒப்படைத்தார்கள். கடைசியில் இருந்ததே சுமார் 350 பேர்தான். மாலி, புர்கினா, நைஜர் மூன்றிலும் ராணுவ ஆட்சி வந்து பிரெஞ்சுப் படையைத் துரத்தியது. செனகலிலோ ஒரு கல்லெறி இல்லை, பேசி, தேதி வைத்து, விழா நடத்தி அனுப்பினார்கள். இறையாண்மை உள்ள நாட்டில் இன்னொரு நாட்டுப் படைத்தளம் எதற்கு என்று ஜனாதிபதி கேட்ட கேள்விக்குப் பாரிஸிடம் பதில் இல்லை. உள்ளதைச் சொன்னால் பிரான்ஸோடு கட்டியிருந்த கயிறுகளில் வெட்டுவதற்கு இதுதான் சுலபமானது.

தியாரோய் என்று அடிக்கடி செய்தியில் வருகிறதே, அது என்ன?

டக்காருக்கு வெளியே ஒரு ராணுவ முகாம். இரண்டாம் உலகப்போரில் பிரான்ஸுக்காகச் சண்டை போட்டு, ஜெர்மானியரிடம் கைதியாகக் கிடந்து திரும்பிய ஆப்பிரிக்க வீரர்கள் தங்கள் பாக்கிச் சம்பளத்தைக் கேட்டார்கள். 1944 டிசம்பர் 1 விடியற்காலையில் பிரெஞ்சு ராணுவமே அவர்களைச் சுட்டது. 35 பேர் என்றது அன்றைய பிரெஞ்சுக் கணக்கு. பல மடங்கு அதிகம் என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். அதைப் 'படுகொலை' என்று ஒரு பிரெஞ்சு ஜனாதிபதி எழுத்தில் ஒப்புக்கொள்ள 80 வருடம் ஆனது, 2024 நவம்பரில் மக்ரோன் எழுதிய கடிதத்தில்தான். சம்பளம் கேட்டவனைச் சுட்ட கதை என்பதால்தான் அது அங்கே ஆறவே இல்லை.

சார், சேஃபா நாணயத்தை ஏன் இன்னும் விடவில்லை? அதைத்தானே முதலில் ஒழிப்போம் என்றார்கள்?

இதுதான் சரியான கேள்வி. சேஃபா 1945இல் பிரான்ஸ் உண்டாக்கிய நாணயம். மேற்கு ஆப்பிரிக்காவில் எட்டு நாடுகளுக்குப் பொது, மத்திய வங்கி டக்காரில் இருக்கிறது, நோட்டு அச்சாவது பிரான்ஸில். ஒரு யூரோ என்றால் 655.957 சேஃபா, 1999இலிருந்து ஒரு காசு நகரவில்லை. என்னைப்போல விலை பேசுகிறவனுக்கு இது வரம், ராத்திரி பேசிய விலை காலையில் மாறாது. ஆனால் டக்காரில் தையல் கடை வைத்திருப்பவருக்கு? யூரோ ஏறினால் சேஃபாவும் ஏறும், உள்ளூர்ச் சரக்கு வெளியே விலைபோகாது, வெளிச்சரக்கு மலிவாக வந்து குவியும். 1994 ஜனவரியில் ஒரே ராத்திரியில் மதிப்பைப் பாதியாக்கியதை வயதானவர்கள் இன்னும் சொல்வார்கள். மருந்து விலை இரட்டிப்பானதாம்.

2019இல் மக்ரோனும் ஐவரி கோஸ்ட் ஜனாதிபதி வத்தாராவும் 'எக்கோ' என்று பெயர் மாற்றப்போவதாக அறிவித்தார்கள். அந்நியச் செலாவணிக் கையிருப்பில் பாதியைப் பிரெஞ்சுக் கருவூலத்தில் வைக்க வேண்டும் என்ற விதி போனது, பெயர் மட்டும் மாறவில்லை. செனகல் தனியாக வெளியேறினால் புதுக் காசை யார் நம்புவது? அதுவும் வீட்டுக் கணக்கே இடிக்கும்போது.

கணக்கு இடிக்கிறது என்றால்?

பழைய ஆட்சி கடனை மறைத்திருக்கிறது. 2023 கடைசியில் கடன் நாட்டு உற்பத்தியில் 74 சதவீதம் என்று காட்டியிருந்தார்கள். தணிக்கை மன்றம் 2025 பிப்ரவரியில் 99.67 என்றது. வாஷிங்டனில் இருக்கும் சர்வதேச நாணய நிதியம் தன் 180 கோடி டாலர் கடன் திட்டத்தை நிறுத்தி வைத்துவிட்டது. பாரிஸை எதிர்த்து ஜெயித்தவர்கள் வாஷிங்டன் வாசலில் காத்திருக்க வேண்டி வந்தது. 2024 நவம்பர் நாடாளுமன்றத் தேர்தலில் 165 இடத்தில் 130ஐ அள்ளிய அவர்கள் கட்சிக்கு இது கசப்பு மருந்து. ஒரு வருடத்துக்குள் ஜனாதிபதிக்கும் பிரதமருக்கும் நடுவிலேயே வெளிப்படையாக உரசல் வந்ததற்கு இந்த நெருக்கடியும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

நான் புதுச்சேரி. நமக்கும் செனகலுக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?

நிறையவே. உங்கள் ஊரில் சாயமேற்றிய நீலத் துணிதான் செனகல் ஆற்றங்கரையில் வேலம்பிசின் வியாபாரத்துக்குப் பணமாகவே ஓடியது. 'கினே' என்பார்கள், இத்தனை துணிக்கு இத்தனை பிசின் என்று கணக்கு. அப்புறம் 1848இல் பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்கு உறுப்பினர் அனுப்பும் உரிமை இரண்டு இடத்துக்கும் கிடைத்தது. செங்கோர் திராவிட மொழிகளில் ஆர்வம் கொண்டு டக்கார் பல்கலைக்கழகத்துக்கு நம்மவர்களை அழைத்தார், தமிழறிஞர் க.ப. அறவாணன் அங்கே பணியாற்றியவர்தான்.

வியாபாரத்துக்குப் பிரெஞ்சு படிக்கவா, வோலோஃப் படிக்கவா?

ஒப்பந்தம், வங்கி, சுங்கம் எல்லாம் பிரெஞ்சில். டக்காரில் விலை குறைவது ஊர்ப் பேச்சு மொழியான வோலோஃபில். காசமான்ஸ் வந்தால் இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டு முதலில் "கசுமாய்" சொல்லுங்கள், ஜோலா மொழியில் 'சமாதானமா?' என்று அர்த்தம். "கசுமாய் கெப்" என்று பதில் வரும். அதற்கப்புறம்தான் மூட்டையைப் பிரிப்பார்கள்.