வியன்னா மாநாட்டுக்கு 2 லட்சம்: கார்டில் போடலாமா?

கேள்வி: சென்னையில் மத்திய அரசு நிறுவனம் ஒன்றில் ரோபோட்டிக்ஸில் பிஎச்.டி. செய்கிறேன். உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். ஜூனில் வியன்னாவில் நடக்கும் மாநாட்டுக்கு என் கட்டுரை தேர்வாகியிருக்கிறது. சுமார் 2 லட்சம் ஆகும். போன வருடம் சிங்கப்பூர் மாநாட்டுக்கு 1.10 லட்சத்தை கிரெடிட் கார்டில் செலவழித்தேன். ஐந்து மாதம் கழித்து 92,000 திரும்பி வந்தது. அந்த நேரம் அண்ணன் கடைக்குச் சரக்கெடுக்கப் பணம் கேட்டார், கொடுத்துவிட்டேன். கார்டுக்கு மினிமம் டியூ (மாதம் கட்டியாகவேண்டிய குறைந்தபட்சத் தொகை) மட்டும் கட்டுகிறேன். இந்தமுறை டிக்கெட்டை நோ காஸ்ட் இ.எம்.ஐ.யில் போடலாமா?

பதில்: வேண்டாம். உங்களைக் கடனில் தள்ளியது சிங்கப்பூர் இல்லை. திரும்பி வந்த 92,000-ஐக் கையில் வந்த வருமானமாக எடுத்துக்கொண்டதுதான். அண்ணனுக்கு நீங்கள் கொடுத்தது உங்கள் பணமே இல்லை, கார்டு வங்கியின் பணம். அதற்கான வட்டியை இன்றுவரை நீங்கள் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

கணக்கைப் பாருங்கள். கார்டு வட்டி மாதம் 3.5% என்று வையுங்கள், அதன்மேல் 18% ஜி.எஸ்.டி., ஆக 4.13%. மினிமம் டியூ 5% என்று வைத்தால், 1.10 லட்சத்துக்கு முதல் மாதம் சுமார் 5,700 கட்டுவீர்கள். அதில் 4,500-க்கு மேல் வட்டிக்கே போய்விடும். இப்படி ஒரு வருடத்தில் ஏறக்குறைய 65,000 கட்டியபிறகும் பாக்கி 96,000-க்கு மேல் நிற்கும். வீட்டில் நகை இருந்தால் வங்கியில் அடகு வைத்து இந்தக் கார்டு பாக்கியை முதலில் அடைத்துவிடுங்கள். 96,000-க்கு 10% வட்டியில் மாதம் 800 ரூபாய்தான். கார்டில் அதே பாக்கிக்கு 4,000. பிறகு மாதம் 8,500 கட்டினால் ஒரு வருடத்தில் நகை வீட்டுக்கு வந்துவிடும்.

இப்போது வியன்னா. நிறுவனத்தின் அனுமதிக் கடிதம் கைக்கு வரும்முன் டிக்கெட் போடாதீர்கள். அரசுப் பணத்தில் பறப்பவர்கள் பாமர் லாரி, அசோக் டிராவல்ஸ், ஐ.ஆர்.சி.டி.சி. ஆகிய மூன்றின் வழியாகத்தான் டிக்கெட் எடுக்கவேண்டும் என்பது 2022 முதல் மத்திய அரசின் விதி. தள்ளுபடி காட்டும் செயலியில் இ.எம்.ஐ. போட்டு எடுத்தால், கணக்குப் பிரிவு பில்லையே திருப்பிவிடலாம். நோ காஸ்ட் என்ற பெயரைக் கேட்டு மயங்கவும் வேண்டாம்: பிராசஸிங் கட்டணம் உண்டு, வட்டிமேல் ஜி.எஸ்.டி. உண்டு, கிடைக்கவேண்டிய தள்ளுபடியும் பல இடங்களில் போய்விடும்.

கேட்கவேண்டிய வரிசை இது. முதலில் கைடின் திட்டநிதியில் பயணத் தலைப்பில் பணம் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து நிறுவனத்தின் மாணவர் பயண நிதி. கூடவே மாநாடு நடத்துபவர்களின் மாணவர் உதவித்தொகை, ஐ.இ.இ.இ. என்ற உலகப் பொறியாளர் அமைப்பின் சங்கங்கள் பலவற்றில் இது உண்டு, கடைசித் தேதி மட்டும் சீக்கிரமே முடிந்துவிடும். பிறகு மத்திய அரசின் ஆராய்ச்சி நிதி அமைப்பான ஏ.என்.ஆர்.எஃப். (முன்பு செர்ப்) தரும் பயண உதவி. இரண்டு இடத்தில் கிடைத்தால் ஒரே பில்லை இரண்டுக்கும் காட்டாதீர்கள். விமானம் ஒருவருக்கு, பதிவுக் கட்டணம் இன்னொருவருக்கு என்று பிரித்து, இருவருக்கும் எழுத்தில் சொல்லிவிடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, நிறுவனத்தில் டூர் அட்வான்ஸ், அதாவது பயணத்துக்கான முன்பணம், கேளுங்கள். கேட்காமல் கார்டை நீட்டும் மாணவர்கள்தான் அதிகம்.

பதிவுக் கட்டணத்தில் ஒரு பொறி உண்டு. பல மாநாடுகளில் கட்டுரை ஒன்றுக்கு ஓர் ஆசிரியராவது முழுக் கட்டணம் கட்டவேண்டும். மாணவர் கட்டணம் செல்லாது. விதியைப் படித்துவிட்டு பட்ஜெட் போடுங்கள். 500 யூரோவை கிரெடிட் கார்டில் கட்டினால், ஒரு யூரோ 100 ரூபாய் என்று வைத்தாலும், வெளிநாட்டுப் பணத்துக்கு வங்கி போடும் 3.5% மார்க்கப்பும் ஜி.எஸ்.டி.யும் சேர்ந்து 2,000 ரூபாய் கூடுதல். அண்ணன் கார்டிலோ நண்பர் கார்டிலோ கட்டவே கூடாது. பெயர் பொருந்தாத ரசீதை மீட்பது பெரும்பாடு.

ஆஸ்திரியா செல்லத் தேவையான ஷெங்கன் விசா 90 யூரோ, மேலே விசா விண்ணப்ப மையத்தின் கட்டணம், 30,000 யூரோ காப்பீடு. ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்தாகவேண்டும். விசா மறுக்கப்பட்டால் அந்தப் பணம் திரும்பாது, ஆகவே ஹோட்டலை ரத்து செய்யக்கூடிய வகையில் பதிவு செய்யுங்கள். பணம் சேரவில்லை என்றால் இணை ஆசிரியர் யாராவது போய்க் கட்டுரையை வாசிக்க முடியுமா என்று கைடிடம் இப்போதே பேசுங்கள். பதிவு செய்துவிட்டு யாருமே போகாவிட்டால், ஐ.இ.இ.இ. மாநாடு என்றால், அதன் இணையக் கட்டுரைத் தொகுப்பான எக்ஸ்ப்ளோரில் கட்டுரை ஏறாமல் போகலாம்.

எல்லாம் கேட்டபிறகும் 30,000, 40,000 இடித்தால் அதை மட்டும் கடனாக வாங்குங்கள். திரும்பிவரும் பணத்துக்குத் தனி சேமிப்புக் கணக்கு எண்ணைக் கொடுங்கள். வந்த அன்றே அந்தக் கடனை முடியுங்கள். எப்போது வரும், எவ்வளவு வரும் என்று அண்ணனிடம் முன்கூட்டிச் சொல்லவேண்டாம். அவருக்கு உதவ மனமிருந்தால், கார்டு பாக்கி அடைந்தபிறகு உதவித்தொகையிலிருந்து மாதம் 2,000 கொடுங்கள்.

போர்டிங் பாஸ், மாநாட்டுச் சான்றிதழ், அசல் ரசீதுகள், யூரோ கட்டிய கார்டு ஸ்டேட்மென்ட் எல்லாவற்றையும் ஒரே உறையில் வையுங்கள். மத்திய அரசு விதிப்படி, பயணம் முடிந்த 60 நாளுக்குள் பில் உள்ளே போகவேண்டும். ஊர் திரும்பிய வாரமே கொடுத்துவிடுங்கள்.